2021 ஜனவரியில் பிரித்தானிய மருத்துவமனைகள்: தடுப்பூசி வந்த பிறகும் கட்டில்கள் ஏன் நிரம்பின?

பொருநை வாசகன் (திருநெல்வேலி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வாதம் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. மருத்துவப் பரிசோதனைகளுக்கு வெளியே ஃபைசர் தடுப்பூசியை முதலில் போடத் தொடங்கிய நாடு பிரித்தானியா. 2020 டிசம்பர் 8 அன்று கோவென்ட்ரி பல்கலைக்கழக மருத்துவமனையில் 90 வயது மார்கரெட் கீனன் அம்மையார் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். அதற்கு ஆறு வாரம் கழித்து, 2021 ஜனவரி 18 அன்று, அந்நாட்டு மருத்துவமனைகளில் இருந்த கோவிட் நோயாளிகளின் எண்ணிக்கை 39,000-ஐத் தாண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் வந்த முதல் அலையின் உச்சத்தில்கூட அது 22,000-ஐத் தொடவில்லை.

"ஊசி வந்தது, நோய் இரட்டிப்பானது" என்று என் சித்தப்பா இதைச் சுருக்கிச் சொல்கிறார். அவர் படித்தவர், பிடிவாதக்காரர் அல்லர். அவர் சொல்லும் எண்களும் பொய் அல்ல. அவற்றை இணைக்கும் விதம் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் எங்கே தவறு என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குளிர்காலத்தை அருகில் இருந்து பார்த்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

கணக்காசிரியர் (மதுரை)

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பின்னாளில் ஆல்ஃபா என்று பெயர் பெற்ற வைரஸ் திரிபு, தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 2020 செப்டம்பரில் எடுக்கப்பட்ட மாதிரிகளிலேயே இருந்தது. அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் அறிவித்தது டிசம்பர் 14 அன்றுதான். டிசம்பர் 19 அன்று இலண்டனிலும் தென்கிழக்கிலும் கட்டுப்பாடுகள் இறுகின. ஜனவரி 4 இரவு பொது முடக்கம் அறிவிக்கப்பட்டது. ஜனவரி 8 அன்று இலண்டன் மேயர் சாதிக் கான் மாநகரில் பெருநெருக்கடி நிலையை அறிவித்தார். ஆக, முதல் ஊசி போடப்பட்ட நாளுக்கு இரண்டு மாதத்துக்கும் மேல் முன்பே வேகமாகப் பரவும் திரிபு ஊருக்குள் இறங்கியிருந்தது.

இனி ஊசியின் பக்கம் வருவோம். ஜனவரி 18-ஐ ஒட்டி முதல் தவணை பெற்றிருந்தவர்கள் சுமார் 40 லட்சம் பேர், மக்கள்தொகையோ 6.7 கோடி. முதல் தவணைக்குப் பிறகு உடலில் குறிப்பிடத்தக்க பாதுகாப்பு உருவாக இரண்டு, மூன்று வாரம் ஆகும். எனவே ஜனவரி 18 அன்று உண்மையில் பாதுகாப்புடன் இருந்தவர்கள் டிசம்பர் கடைசிக்குள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் மட்டுமே. அவர்கள் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். தொற்று ஏற்பட்டு, மூச்சுத்திணறல் வந்து, மருத்துவமனையில் சேர பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஜனவரி நடுவில் கட்டிலில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான நாட்களில் தொற்றைப் பெற்றவர்கள். அந்த நாட்களில் அவர்களைக் காக்கும் அளவுக்கு ஊசி நாட்டில் பரவியிருக்கவில்லை. உங்கள் சித்தப்பா சொல்லும் இரண்டும் அடுத்தடுத்து நடந்தவைதான். ஒன்றால் மற்றொன்று நடக்கவில்லை.

கிழக்கிலண்டன் தாதி

ஐயா சொன்ன கால இடைவெளியோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தேன். எங்கள் கட்டில்களில் கிடந்தவர்களும், வெளியே ஊசிக்கு வரிசையில் நின்றவர்களும் பெரும்பாலும் வேறு வேறு வயதினர். தீவிர சிகிச்சைக்கு வந்த கொவிட் நோயாளிகளின் சராசரி வயது அறுபதை ஒட்டியே இருந்தது. பேருந்துச் சாரதிகள், களஞ்சியத் தொழிலாளர்கள், வாடகை வண்டி ஓட்டுநர்கள், வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்கள். முதலில் ஊசி பெற்றவர்களோ எண்பது வயதைக் கடந்தவர்கள், பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள், எங்களைப் போன்ற சுகாதாரப் பணியாளர்கள். எண்பத்தைந்து வயது முதியவரின் உயிரைத் தடுப்பூசி காப்பாற்றியது. ஆனால் அவர் நோயுற்றிருந்தாலும் செயற்கைச் சுவாச இயந்திரம் வரை வந்திருக்கமாட்டார், ஏனெனில் அந்த வயதில் அந்தச் சிகிச்சையைத் தாங்கும் வலு உடலுக்கு இருப்பது அரிது. ஆகவே மரணங்கள் குறையத் தொடங்கிய பிறகும் எங்கள் பிரிவு நிறைந்தே இருந்தது. பிரித்தானியா முழுவதிலும் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கை ஜனவரி 24-ஐ ஒட்டித்தான் நான்காயிரத்தைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது.

கட்டில் நிரம்பியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கட்டிலை ஒரே இரவில் கொண்டுவந்து போட்டுவிடலாம். 2020 வசந்தத்தில் இலண்டனின் எக்ஸெல் கண்காட்சி மண்டபத்தை ஒன்பது நாளில் நாலாயிரம் கட்டில் வரை போடக்கூடிய வைத்தியசாலையாக மாற்றினார்கள். முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 54 பேர் மட்டுமே. கட்டிலுக்கு அருகில் நிற்கப் பயிற்சி பெற்ற தாதி வேண்டும், அவரை ஒன்பது நாளில் உருவாக்க முடியாது. தீவிர சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு ஒரு தாதி என்பது எங்கள் விதி. அந்த ஜனவரியில் நான் மூன்று பேரைப் பார்த்தேன். எனக்கு உதவியாகச் சிறுவர் பிரிவிலிருந்தும் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்தும் வந்தவர்கள் நின்றார்கள். திறமையானவர்கள்தான், ஆனால் அந்த இயந்திரங்களோடு பழகியவர்கள் அல்லர்.

ஒரு நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதை மட்டும் சொல்கிறேன், மற்றவற்றை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். நுரையீரலின் பின்பகுதி விரிந்து ஒட்சிசன் ஏற வேண்டும் என்பதற்காக நாளுக்குப் பதினாறு மணி நேரம் அவ்வாறு வைப்போம். ஏழு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொள்வார். அது ஒரு அங்குலம் நழுவினாலும் உயிர் போகும். இரு பக்கமும் நிற்பவர்கள் விரிப்பைச் சுருட்டிப் பிடித்து, எண்ணிக்கைக்கு ஏற்ப ஓரத்துக்கு இழுத்து, பக்கவாட்டில் நிறுத்தி, பிறகு கவிழ்ப்பார்கள். கழுத்து நாளத்தில் ஒரு குழாய், மணிக்கட்டில் ஒன்று, சிறுநீர்க் குழாய், மார்பில் ஒட்டிய கம்பிகள் என அனைத்தும் முறுக்காமல் வரவேண்டும். அதன்பின் கண்ணிமைகளும் கன்னமும் அழுத்தத்தில் புண்ணாகாமல் மெத்துத்துணி வைக்க வேண்டும். அந்தப் பதினாறு மணி நேரம் முடிந்ததும் மீண்டும் திருப்ப வேண்டும். ஒரு பிரிவில் இப்படிப் பத்துப் பேர் இருந்தால் நாள் முழுவதும் ஒரு குழு இதற்கே போய்விடும்.

ஒட்சிசன் குழாய்களைப் பற்றியும் வெளியில் அதிகம் தெரியாது. வாயுவைத் தயாரிப்பதில் தட்டுப்பாடு வரவில்லை. ஆனால் கட்டடத்தின் குழாய்கள் ஒரே நேரத்தில் இத்தனை பேர் நிமிடத்துக்கு அறுபது லீற்றர் வரை இழுப்பதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. எசெக்ஸில் உள்ள சவுத்எண்ட் வைத்தியசாலையில் ஜனவரியில் விநியோகம் எல்லையைத் தொட்டபோது, நோயாளிகளின் இரத்த ஒட்சிசன் இலக்கை 88 முதல் 92 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது செய்திகளில் வெளிவந்தது.

பொருநை வாசகன்

அக்கா, விரிவாக எழுதியதற்கு நன்றி. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. மருத்துவமனைகளின் மூச்சுமுட்டலைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுக்கு முதலில் போட்டிருக்க வேண்டாமா?

மிட்லண்ட்ஸ் மருந்தாளர்

அதை அன்றே வெளிப்படையாக விவாதித்தார்கள். முன்னுரிமைப் பட்டியலை வகுத்த, தடுப்பூசி பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஜே.சி.வி.ஐ. வல்லுநர் குழு எடுத்துக்கொண்ட முதல் நோக்கம் மரணங்களைத் தடுப்பது. முதல் நான்கு பிரிவினர், அதாவது பராமரிப்பு இல்லவாசிகளும் அங்கே பணிபுரிவோரும், எண்பது வயதைக் கடந்தவர்களும் சுகாதாரப் பணியாளர்களும், எழுபத்தைந்தைக் கடந்தவர்கள், எழுபதைக் கடந்தவர்களும் மிக நலிந்த உடல்நிலை உள்ளவர்களும், சேர்ந்து ஒன்றரைக் கோடிப் பேர். அதுவரை நிகழ்ந்த கோவிட் மரணங்களில் 88 சதவீதம் இந்தப் பிரிவினரிடையே நிகழ்ந்தவை. கையில் இருக்கும் ஒரு குப்பியால் எத்தனை உயிரைக் காக்கலாம் என்று கணக்கிட்டால் இந்த வரிசையைவிடச் சிறந்த வரிசை கிடையாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் நெருக்கடி சற்றுத் தாமதமாகத்தான் தணியும் என்பதை அறிந்தே அதைத் தேர்ந்தார்கள். அதைத் தணிக்கும் வேலையை ஜனவரியில் செய்தது முடக்கம். நான் அன்றும் இதை ஏற்றேன், இன்றும் ஏற்கிறேன்.

வரிசை ஒரு பக்கம், பொருளின் இயல்பு இன்னொரு பக்கம். ஃபைசர் ஊசி மைனஸ் 70 டிகிரியில் வந்தது. ஒரு தட்டில் 195 குப்பிகள். குப்பிக்கு ஐந்து வீதம் 975 தவணைகள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உருகவிட்டால் சாதாரணக் குளிர்சாதனத்தில் ஐந்து நாள் தாங்கும். குப்பிக்குள் 1.8 மில்லி உப்புநீரைச் செலுத்தி, குலுக்காமல், பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அதன்பிறகு ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒருவருக்கு 0.3 மில்லி. ஊசிக்குழலின் முனையில் மருந்து தங்காத வகையைப் பயன்படுத்தினால் ஆறாவது தவணையும் கிடைக்கும் என்று தெரிந்தபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. ஒரு குப்பிக்கு ஒரு மனிதர் கூடுதலாகப் பாதுகாக்கப்படுகிறார் அல்லவா?

இருபது பேர் வாழும் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு 975 தவணைத் தட்டைக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் பட்டியலின் முதல் இடத்தில் இருந்தவர்களுக்கு முன்பே, மருத்துவமனைக்கு நடந்துவரக்கூடிய எண்பது வயதினர் தொடக்கத்தில் ஊசி பெற்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆஸ்ட்ராஜெனிகா ஊசி டிசம்பர் 30 அன்று அனுமதி பெற்று, ஜனவரி 4 முதல் போடப்பட்டது. அது சாதாரணக் குளிர்சாதனத்தில் இருக்கக்கூடியது. ஒரு பையில் எடுத்துக்கொண்டு படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே போகலாம். உண்மையான வேகம் அதன் பிறகுதான் வந்தது.

ஹரோ வாசி

மருந்தாளர் எல்லாவற்றையும் ஒழுங்காக நடந்ததைப்போல எழுதியிருக்கிறார். நான் சற்று மாறுபடுகிறேன். 84 வயதான என் அப்பா டிசம்பரில் முதல் ஊசி போட்டுக்கொண்டார். 21 நாளில் இரண்டாவது என்று அட்டையில் தேதியே எழுதித் தந்திருந்தார்கள். அந்தத் தேதிக்குச் சில நாட்களுக்கு முன் தொலைபேசியில் ஒரு நிமிடம் பேசி, இரண்டாவது ஊசி பன்னிரண்டு வாரம் வரை தள்ளிப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். ஃபைசர் நிறுவனமே 21 நாளுக்கு மேல் தங்களிடம் தரவு இல்லை என்று சொன்னது. உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு, விதிவிலக்கான சூழலில்கூட ஆறு வாரத்துக்கு மேல் போகவேண்டாம் என்றது. ஏற்கெனவே தேதி கொடுக்கப்பட்ட முதியவர்களின் இரண்டாவது ஊசியை ரத்துசெய்வது நியாயமற்றது என்று பிரித்தானிய மருத்துவர் சங்கம் கண்டித்தது. இவர்கள் எல்லோரும் எச்சரித்தபோது ஓர் அரசு தன் முதியவர்களை வைத்துச் சோதனை செய்யலாமா?

கணக்காசிரியர்

உங்கள் அப்பாவுக்கு நடந்த விதம் எனக்கும் வருத்தம் தருகிறது. ஒரு முதியவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு நிமிட அழைப்பில் அதை மாற்றக் கூடாது. ஆனால் முடிவு சரியானது என்றே கருதுகிறேன், காரணத்தை எழுதுகிறேன்.

ஃபைசர் ஆய்வில் முதல் தவணையின் திறன் 52 சதவீதம் என்று ஓர் எண் வெளியாகியிருந்தது. அது முதல் ஊசி போட்ட நாளிலிருந்து இரண்டாவது ஊசி வரையிலான காலம் முழுவதற்குமான எண். பாதுகாப்பே உருவாகாத முதல் பத்துப் பன்னிரண்டு நாட்களில் நோயுற்றவர்களும் அதில் அடங்குவர். அந்த நாட்களை நீக்கி, 15-ஆம் நாள் முதல் 21-ஆம் நாள் வரை மட்டும் ஜே.சி.வி.ஐ. கணக்கிட்டபோது 89 சதவீதம் வந்தது. இதை வைத்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கின் தலைமை மருத்துவ அலுவலர்கள் எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: ஜனவரியில் ஆயிரம் பேருக்கு இரண்டாவது ஊசி போட்டால் அவர்களுக்குக் கிடைப்பது சிறிதளவு கூடுதல் பாதுகாப்பு, அதே ஆயிரம் ஊசியால் பாதுகாப்பே இல்லாத வேறு ஆயிரம் பேரைப் பெருமளவு காப்பாற்றலாம். தடுப்பூசி வேண்டிய அளவு கிடைத்திருந்தால் இந்தத் தேர்வே எழுந்திருக்காது. கிடைக்கவில்லை, தொற்றோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது.

முடிவெடுத்தபோது கைவசம் முழுத் தரவு இல்லை என்பது உண்மை. பிறகு வந்த தரவு அந்த முடிவின் பக்கம் நின்றது. பிப்ரவரியில் வெளிவந்த ஸ்காட்லாந்து ஆய்வில், முதல் தவணைக்கு நான்கு வாரம் கழித்து மருத்துவமனைச் சேர்க்கை ஃபைசரால் 85 சதவீதமும் ஆஸ்ட்ராஜெனிகாவால் 94 சதவீதமும் குறைந்திருந்தது. எண்பது வயதைக் கடந்தவர்களிடம் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் செய்து மே மாதம் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு வாரம் கழித்து இரண்டாவது ஃபைசர் ஊசி பெற்றவர்களின் எதிர்ப்பொருள் உச்ச அளவு, மூன்று வாரத்தில் பெற்றவர்களுடையதைப்போல மூன்றரை மடங்காக இருந்தது. முதல் நான்கு பிரிவினருக்கும் பிப்ரவரி 15-க்குள் முதல் ஊசி வாய்ப்பை அளிப்பது என்ற இலக்கு ஒரு நாள் முன்னதாகவே எட்டப்பட்டது. பழைய இடைவெளியில் போயிருந்தால் அது நடந்திருக்காது.

ஹரோ வாசி

ஸ்காட்லாந்து ஆய்வை நான் வாசித்திருக்கிறேன், அதை மறுக்கவில்லை. என் மனக்குறை அறிவிக்கப்பட்ட விதத்தின் மேல். அந்த ஒரு அழைப்புக்குப் பிறகு அப்பாவின் நண்பர்கள் சிலர் முதல் ஊசிக்கே போகமாட்டோம் என்றார்கள். "நேற்று ஒன்று சொன்னவர்கள் இன்று வேறு சொல்கிறார்கள்" என்பதே அவர்கள் வாதம். ஊசியில் மாட்டுக்கொழுப்பு இருக்கிறது, பன்றிக்கொழுப்பு இருக்கிறது என்று தமிழில் குரல்பதிவுகள் சுற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஜனவரியில் பி.பி.சி. ஏஷியன் நெட்வொர்க், உருது, பஞ்சாபி, குஜராத்தி, சில்ஹெட்டியுடன் தமிழிலும் மருத்துவர்களைப் பேசவைத்துக் காணொளி வெளியிட்டது. அதில் தம் மொழியில் ஒரு மருத்துவர் பேசுவதைக் கேட்ட பிறகுதான் அந்த நண்பர்களில் இருவர் மனம் மாறினார்கள். அந்தக் காணொளி டிசம்பரிலேயே வந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

கரைநகர் மைந்தன்

நீங்கள் அனைவரும் முதல் குளிர்காலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். 2021 டிசம்பரிலும் 2022 ஜனவரியிலும் என்ன நடந்தது? பெரும்பாலோர் இரண்டு ஊசி போட்டிருந்தார்கள், பலர் மூன்றாவதும் போட்டிருந்தார்கள். அப்படியும் சுமார் இருபதாயிரம் பேர் வைத்தியசாலையில் இருந்தார்கள், அவர்களில் ஊசி போட்டவர்களே அதிகம். போதாக்குறைக்கு ஊசி போடாத சுகாதாரப் பணியாளர்களை வேலையை விட்டு நீக்கவும் முனைந்தார்கள். இதற்கும் விளக்கம் உண்டா?

கணக்காசிரியர்

உண்டு. பத்தாயிரம் முதியவர்கள் உள்ள ஓர் ஊரை எண்ணிக்கொள்ளுங்கள். 9,500 பேர் ஊசி போட்டவர்கள், 500 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்றால் 50 பேர். ஊசி அந்த ஆபத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கிறது என்றால், போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர், அதாவது 95 பேர். மருத்துவமனைக்குள் எட்டிப்பார்ப்பவர் 145 பேரில் 95 பேர் ஊசி போட்டவர்கள் என்று காண்பார், மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் ஊசியே இல்லாதிருந்தால் அந்த ஊரிலிருந்து ஆயிரம் பேர் வந்திருப்பார்கள். உள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணி, வெளியே நலமாக இருப்பவர்களை எண்ணாமல் விட்டால் இந்த மயக்கம் வரும்.

அந்த இரண்டாவது குளிர்காலத்தில் பரவிய ஓமிக்ரான் திரிபுக்கு எதிராக இரண்டு தவணைகள் தொற்றைத் தடுப்பதில் வலுவிழந்தன என்பதை ஒப்புக்கொண்டே பேசவேண்டும். ஆயினும் மூன்றாவது தவணைக்குப் பிறகு மருத்துவமனைச் சேர்க்கைக்கு எதிரான திறன் 88 சதவீதம் என்று பிரித்தானிய சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2021 டிசம்பர் கடைசி நாளில் வெளியிட்டது.

கிழக்கிலண்டன் தாதி

தம்பி கரைநகர், உங்கள் இருபதாயிரத்தை எங்கள் பிரிவிலிருந்து பார்த்தால் வேறுவிதமாகத் தெரியும். 2022 ஜனவரியில் பிரித்தானியா முழுவதிலும் செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொவிட் நோயாளிகள் ஆயிரத்துக்குள்ளேயே இருந்தார்கள்; முந்தைய ஜனவரியில் நாலாயிரத்துக்கு மேல். அந்த இருபதாயிரத்தில் கணிசமானவர்கள் இடுப்பு முறிவுக்கோ இதய நோய்க்கோ வந்து, வாசலில் செய்த பரிசோதனையில் தொற்று உறுதியானவர்கள். ஓமிக்ரான் இயல்பிலேயே நுரையீரலைக் குறைவாகத் தாக்கியதும் இதற்கு ஒரு காரணம். எல்லாப் புகழையும் ஊசிக்கே கொடுத்துவிட நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்திலும் எங்கள் தீவிர சிகிச்சைக் கட்டில்களில் குப்புறக் கிடந்தவர்களில் ஊசி போடாதவர்களின் பங்கு, ஊரில் அவர்களுக்கு இருந்த பங்கைவிட மிக அதிகம். சிலர் குழாய் பொருத்துவதற்கு முன் "இப்போது ஊசி போடலாமா" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் இருந்தது.

பணியாளர்களுக்கு ஊசியைக் கட்டாயமாக்கியது பற்றிக் கேட்டீர்கள். பராமரிப்பு இல்லப் பணியாளர்களுக்கு 2021 நவம்பர் 11 முதல் இங்கிலாந்தில் அது நடைமுறைக்கு வந்தது. எங்களுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் வரவிருந்ததை, ஜனவரி 31 அன்று அமைச்சர் சாஜித் ஜாவித் கைவிடுவதாக அறிவித்தார். நான் முதல் வாய்ப்பிலேயே ஊசி போட்டுக்கொண்டவள், எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இன்றும் சொல்பவள். ஆயினும் அந்த அறிவிப்பைக் கேட்டு நிம்மதி அடைந்தேன். ஏற்கெனவே ஆள் இல்லாமல் ஓடும் ஒரு நோயாளர் விடுதியிலிருந்து பயிற்சி பெற்ற இருவரை அனுப்பிவிட்டால் அதன் சுமை நோயாளிகளின் மேலேயே விழும். தயங்கியவர்களோடு உட்கார்ந்து பேசியதில் எங்கள் பிரிவில் பலர் மாறினார்கள்.

இன்னொரு நெருக்கடியை யாரும் கேட்கவில்லை. சத்திரசிகிச்சைக் கூடங்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவாக மாற்றியபோது, மயக்க மருந்து இயந்திரங்களே சுவாச இயந்திரங்கள் ஆயின, அங்கிருந்த தாதியர் எங்களிடம் வந்தார்கள். அப்படியானால் முழங்கால் மாற்றத்துக்கும் கண்புரைக்கும் காத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? பெருந்தொற்றுக்கு முன், 2020 பெப்ரவரியில், இங்கிலாந்தில் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள் ஈராயிரத்துக்கும் குறைவு. 2021 மார்ச்சில் அவர்கள் 4,36,000 பேர். கொவிட் மரணப் பட்டியலில் இவர்கள் யாரும் இல்லை. கட்டில் நெருக்கடியைத் தடுப்பூசி குறைத்தது என்று சொல்லும்போது இவர்களையும் சேர்த்தே நான் எண்ணுகிறேன்.

பொருநை வாசகன்

கணக்காசிரியர் ஐயா, பத்தாயிரம் பேர் கணக்கை எங்கள் குடும்பக் குழுவில் அப்படியே போடலாமா? சித்தப்பா எண்களை மதிப்பவர், அதிலிருந்தே பேச்சைத் தொடங்க எண்ணுகிறேன்.

கணக்காசிரியர்

தாராளமாகப் போடுங்கள். அந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்; அவற்றைப் பிரித்தானியாவின் உண்மை விகிதம் என்று யாரும் வேறு குழுவுக்கு எடுத்துச் சென்றுவிடக் கூடாது. சித்தப்பாவுக்கு மறுகேள்வி ஏதும் இருந்தால் இந்த இழையிலேயே கேட்கச் சொல்லுங்கள்.